கோழி மூலை

மதியச் சோற்றுக்கு மேல் யார் எதைச் சொன்னாலும் அது தாலாட்டுதான், அதிலும் புஷ்பராணிக்கு. சோறூட்டி, வாய் துடைத்து, பாய் விரித்து, வரிசையாகப் படுக்கப் போட்டுத் தட்டிக்கொடுத்தே பழகிய உடம்பு அது. எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சரி, இந்த நேரம் வந்தால் பிள்ளைகளின் பகல் தூக்கத்துக்குள் தானும் ஒரு காலை வைத்துவிடும். டவுன் மண்டபத்தில் நடந்த பயிற்சியில் சுற்றிலும் பல தோட்டங்களிலிருந்து வந்த டீச்சர்மார் மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்க, அவளுடைய வலது கை தன்பாட்டுக்குத் தன் தொடையையே மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த செல்லக்கண்ணு அதைப் பார்த்துவிட்டாள். "யாரடி தூங்க வைக்கிற? மிஸ்ஸையா?" என்றாள். மிஸ் என்றது முன்னால் நின்று பேசிக்கொண்டிருந்த நிரோஷினியை. மாவட்ட ஆபிசிலிருந்து வந்திருக்கிற பெண், புஷ்பராணியின் மூத்த மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம், நல்ல குரல், அந்தக் குரலில் மண்சரிவைப் பற்றிச் சொன்னாலும் மாம்பழத்தைப் பற்றிச் சொல்கிற மாதிரியே இருந்தது. அவள் தலைக்கு மேல் பேனர். 'அனர்த்தத்துக்குத் தயாராவோம்.' காலையில் அதைப் பார்த்ததுமே செல்லக்கண்ணு, "கலியாணத்துக்குக் கூப்பிடுற மாதிரியில்ல கூப்பிடுறாங்க" என்று சொல்லி, இருவரும் வாசலிலேயே சிரித்து, பதிவு எடுக்கிறவரிடம் முறைப்பு வாங்கினார்கள். சின்ன வயதில் ஒரே பாயில் ஒன்றுக்கிருந்த சிநேகிதம் அது, முறைப்புக்கெல்லாம் அடங்காது. செல்லக்கண்ணு கட்டிக்கொடுத்த ஊரில் டீச்சரானாள், புஷ்பராணி பிறந்த தோட்டத்திலேயே, வளர்ந்த அதே பிள்ளைக்காம்பராவிலேயே டீச்சரானாள்.

பிள்ளைக்காம்பராவுக்கு இப்போது புதுப் பெயர் உண்டு, வாசலில் மூன்று மொழியில் போர்டு உண்டு. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறைக்கு அத்தனை நீளப் பெயர் எதற்கு என்று புஷ்பராணிக்குத் தெரியாது, தண்ணிமலைத் தோட்டத்தில் யார் வாயிலும் அது நுழையவும் இல்லை. அறை மட்டும் மாறவில்லை. நீளமான அறை, ஒரு கதவு, ரோட்டைப் பார்த்து ஒரு ஜன்னல், உள்ளே பின்பக்க மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு. மழை நாளில் தாய்மார் நனைந்த கம்பளியோடு வந்து நின்று பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். நனைந்த கம்பளி, சுட்ட பால், வேப்பெண்ணெய் தடவிய தலை, மூத்திரம் காய்ந்த சாக்கு, இவ்வளவும் சேர்ந்த ஒரு வாசம். அந்த வாசத்தை இப்போது எங்கே போய்த் தேடுவது? பினாயில் ஊற்றித் துடைக்கச் சொல்லி ஒவ்வொரு மாதமும் வந்து பார்க்கிறார்கள், வாசம் போய்விட்டது, நல்லதுதான், பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு இல்லை, ஆனாலும் சில நாள் மழை பிடித்து அடித்து அடுப்பு எரிகிறபோது சுவர் சூடேறிச் சுண்ணாம்புக்குள்ளிருந்து அந்தப் பழைய வாசம் ஒரு கணம் எட்டிப் பார்க்கும். அப்போது புஷ்பராணி வேலையை விட்டுவிட்டு அப்படியே நிற்பாள். பாக்கியக்கா, சமையலுக்கு இருக்கிறவள், "என்னா ராணி, பேய் அடிச்சிருச்சா?" என்பாள். பாக்கியக்காவிடம்தான் இன்றைக்குப் பிள்ளைகளை விட்டு வந்திருக்கிறாள். மண்டபத்து ஜன்னலைப் பார்த்தாள். மலைப்பக்கம் வானம் கறுத்து வந்தது. ஐப்பசி வானத்தை நம்பக் கூடாது, காலையில் பல்லைக் காட்டும், மதியத்துக்கு மேல் வேட்டு வைக்கும்.

இடி இடித்தால் என்ன, பிள்ளைகள் பயப்படாது. அதில் புஷ்பராணிக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. வேறு தோட்டங்களில் இடிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் அலறி, ஒன்று அழ ஒன்பது அழுது, டீச்சருக்குத் தலை வெடிக்கும். இவளிடம் அந்தக் கதையே இல்லை. இடி இடித்ததும் "கோழி குந்திருச்சு!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடுப்பு மூலையில் போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக் குந்துவாள், சேலையை இரண்டு பக்கமும் விரிப்பாள். அவ்வளவுதான். பிள்ளைகள் நாலாபக்கமிருந்தும் ஓடி வந்து உள்ளே நுழைந்து "கீச் கீச்" என்று கத்தும். இடி பெரிதானால் கீச்சும் பெரிதாகும். கடைசியில் மழை விட்ட பிறகு வெளியே வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும், அது ஒன்றுதான் தொல்லை. இதை அவள் கண்டுபிடிக்கவில்லை. ரெங்கம்மாவிடமிருந்து வந்தது. அந்தக் காலத்துப் பிள்ளைக்காம்பரா ஆயம்மா. ரெங்கம்மா ஒன்றும் தெய்வப் பிறவி இல்லை. வாயில் எப்போதும் வெற்றிலை, கையில் எப்போதும் தேயிலை மிலாறுக் குச்சி, சோறு சிந்தினால் முட்டிக்குக் கீழே சுளீர் என்று ஒன்று விழும். தாய்மார் வந்து சண்டை பிடித்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமாடி? போங்கடி வேலையப் பார்த்துக்கிட்டு" என்பாள், அந்தப் பழமொழிக்கு மேல் பேச யாரிடமும் வாய் இருக்காது. ஆனால் இடி இடித்தால் அந்த ரெங்கம்மா வேறு ஆள். மிலாறைப் போட்டுவிட்டு மூலைக்கு ஓடுவாள், பச்சைக் கரை போட்ட வெள்ளைச் சேலையை விரிப்பாள், உள்ளே போனால் இருட்டு, கதகதப்பு, மின்னல் வெட்டும்போது கரை மட்டும் பச்சையாகத் தெரியும், பக்கத்தில் செல்லக்கண்ணுவின் முழங்கை விலாவில் குத்தும், மேலே எங்கேயோ ரெங்கம்மாவின் பல் தந்தியடிக்கிற மாதிரி கடகடக்கும். அந்தப் பல் சத்தத்துக்கு அர்த்தம் புரியப் புஷ்பராணிக்குத் தானே டீச்சராகி ஒரு இடியில் தானே நடுங்க வேண்டியிருந்தது. ஐயோ ரெங்கம்மா, நீ எங்களுக்காகவா போய்க் குந்தினாய், உனக்குப் பயம், நீ போய் ஒளிந்தாய், நாங்கள் உன் பின்னால் வந்தோம், அதற்கு நீயே ஒரு பெயரும் வைத்துவிட்டாய். அதைப் புரிந்துகொண்ட அன்றைக்கு அவளுக்கு ரெங்கம்மாமேல் இருந்த பாசம் இரண்டு மடங்காயிற்று.

தாள் வந்தது. ஆளுக்கொரு வெள்ளைத்தாள், ஒரு மார்க்கர். "ஒங்க ஒங்க சென்டர வரைங்க அக்கா. கதவு, ஜன்னல், புள்ளைங்க படுக்கிற எடம், வெளியில ரோடு, மலை, எல்லாம்" என்றாள் நிரோஷினி. செல்லக்கண்ணு, வீடு வரையச் சொன்ன மாதிரி, இரண்டு பக்கமும் தென்னைமரம் போட்டாள். அவள் தோட்டத்தில் தென்னை பிடிக்கவே பிடிக்காது, ஆனால் வீடென்றால் தென்னை வேண்டும். புஷ்பராணி நீளமாகப் பெட்டி போட்டாள். கதவு. ஜன்னல். தொட்டில் தொங்குகிற கம்பி. மூலையில் அடுப்பு. அடுப்புக்குப் பக்கத்தில் கை தானாக ஒரு கோழியைப் போட்டது, கீழே முட்டை முட்டையாகக் குஞ்சுகள், அது நன்றாகவே வந்துவிட்டது, அவளுக்குச் சிரிப்பாகவும் இருந்தது. வெளியே முன்பக்கம் ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேடான வெட்டை வெளியில் கொழுந்து நிறுக்கிற மடுவம். பின்பக்கம்? பின்பக்கம் மழைத்தண்ணீர் ஓடுகிற கான். கானுக்கு அந்தப் பக்கம் நெட்டுக்குத்தாக வெட்டிய மண் திட்டு, அதற்கு மேல் தேயிலை, தேயிலைக்கு மேல் தாளே இல்லை. தாளைத் திருப்பிப் போட்டு வரைந்தாலும் மலை முடியாது. அவள் மார்க்கரை மூடினாள், திரும்பத் திறந்தாள், கோழிக்கு ஒரு கொண்டை போட்டாள். கோழிக்கும் மலைக்கும் நடுவில் ஒரே ஒரு கோடுதான் இருந்தது. அந்தக் கோடுதான் சுவர்.

"மலை சரியறதுக்கு முன்னுக்கே அது நமக்குச் சொல்லும்" என்றாள் நிரோஷினி, மாம்பழக் குரலில். மரம் சாயும். சுவர் வெடிக்கும். வழக்கமாகத் தெளிவாக ஓடுகிற தண்ணீர் கலங்கி ஓடும். கதவு நிலையோடு இறுகி மூட வராது. கடைசிச் சொல்லில் புஷ்பராணி நிமிர்ந்தாள். கதவா? கதவு மூட வரவில்லை, ஆமாம், தீபாவளிக்கு முன்னாலிருந்தே வரவில்லை, தச்சு வேலைக்காரர் முனியாண்டியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லி, அவர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்து, அவரை இவள் வாய்க்கு வந்தபடி திட்டி... மழைக்கு மரம் ஊதும், யாருக்குத்தான் தெரியாது, எல்லா வீட்டிலும் ஐப்பசியில் கதவு இறுகும், லயத்து வீட்டில் அவளுடைய சொந்தக் கதவும்தான் இறுகுகிறது. இறுகுகிறதா? இல்லை. அது இறுகவில்லை. நேற்று ராத்திரி நன்றாகத்தான் சாத்தினாள். ஒரே மழை, ஒரே மாதிரி மரம், அந்தக் கதவு இறுகுகிறது, இந்தக் கதவு இறுகவில்லை. ஆனால் அந்தக் கதவு பழசு. பழசென்றால் எவ்வளவு பழசு, ரெங்கம்மா சாத்திய கதவு, அவள் ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் தட்டினால் போதும், வெண்ணெய் மாதிரி வந்து உட்காருமே. அத்தனை வருஷ மழைக்கு ஊதாத மரம் இந்த வருஷம் ஏன் ஊதியது? ச்சீ, டவுனுக்கு வந்து உட்கார்ந்து நல்ல கதவைச் சந்தேகப்படுகிறேன். முனியாண்டி வந்து இழைத்தால் சரியாகிவிடும். முனியாண்டி இழைத்திருந்தால் இன்றைக்கு இந்த எண்ணமே வந்திருக்காது. அது நல்லதா கெட்டதா? நினைப்பு அந்த இறுகின கதவு மாதிரியே முக்கால்வாசி வந்து நின்றுகொண்டது, அதற்கு மேல் மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

அப்போது ஒத்திகை ஆரம்பித்தது. உடம்பு துடைக்கிற துவாய்களைச் சுருட்டித் தரையில் அடுக்கி, "இதுதான் ஒங்க புள்ளைங்க, தூங்குறாங்க" என்றாள் நிரோஷினி. "சத்தம் கேட்டதும் என்ன செய்வீங்கன்னு செஞ்சு காட்டணும். யாரு மொதல்ல?" செல்லக்கண்ணு முதுகில் கை வைத்துத் தள்ளியதில் புஷ்பராணி நடுமண்டபத்தில் போய் நின்றாள். எல்லோரும் பார்த்தார்கள். வெட்கத்தை மறைக்கக் குனிந்து ஒரு துவாயின் மேல் இன்னொரு துவாயைப் போர்த்திவிட்டாள், சிலர் சிரித்தார்கள். பின்னால் யாரோ ஒரு தகரத்தைப் பிடித்து உலுக்கினார்கள். உறுமல். நல்ல உறுமல், காதுக்குள் இல்லை, வயிற்றுக்குள் கேட்கிற மாதிரி. புஷ்பராணி ஒன்றும் நினைக்கவில்லை. துவாய்களை வாரி மடியில் போட்டுக்கொண்டு ஓடினாள், எதிரே அகலத் திறந்து கிடந்த வாசலுக்கு அல்ல, மண்டபத்தின் பின்மூலைக்கு. சுவரில் முதுகை வைத்துக் குந்தினாள். சேலை இரண்டு பக்கமும் விரிந்தது. "கோழி குந்திருச்சு!" வாய் தானாகக் கத்தியது, அடுத்த நொடி ஐம்பது வயது செல்லக்கண்ணு நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தபதபவென்று ஓடி வந்து "கீச் கீச்" என்று முந்தானைக்குள் தலையை நுழைத்தாள். மண்டபமே கொல்லென்று சிரித்தது. உள்ளே இருட்டாக இருந்தது. கதகதப்பாக இருந்தது. முழங்கை அதே விலாவில் அதே இடத்தில் குத்தியது. செல்லக்கண்ணுவின் மூச்சில் வெற்றிலை வாசம், ரெங்கம்மா வாசம். "பால் காயிற வாசம் வருதுல்ல?" என்று செல்லக்கண்ணு மெதுவாகக் கேட்டாள், கேலியே இல்லாமல். "வருது" என்றாள் புஷ்பராணி. உண்மையாகவே வந்தது. எவ்வளவு சுகம். இப்படியே இருந்துவிடலாம், மழை விட்டாலும் வெளியே போக வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான் சரி. வெளியே சிரிப்பு அடங்க, "கோழி மிதிச்சுக் குஞ்சு சாகுமா மிஸ்!" என்று செல்லக்கண்ணு முந்தானைக்குள்ளிருந்தே குரல் கொடுத்து இன்னொரு சிரிப்பை வாங்கினாள்.

நிரோஷினி சிரிக்கத்தான் செய்தாள். பிறகு வந்து இருவருக்கும் எதிரே தரையிலேயே உட்கார்ந்தாள். "அக்கா, இது நல்ல வெளாட்டு. ஒங்க சென்டர்ல இந்த மூலைக்குப் பின்னுக்கு என்னா இருக்கு?" "மலைதான் மிஸ்" என்றாள் செல்லக்கண்ணு, சிரித்த வாயோடு. சொல்லி முடிந்ததும் அவளுடைய சிரிப்பு அங்கேயே நின்றது. முந்தானையை விலக்கி வெளியே வந்து உட்கார்ந்தாள். புஷ்பராணி இன்னும் மூலையிலேயே குந்தியிருந்தாள். உறுமல் கேட்டால் மூலைக்கு ஓடு. பயமா, மூலைக்கு ஓடு. எத்தனை தாய்மாரின் எத்தனை பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தாள், தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தாள், எவ்வளவு அன்பாக, எவ்வளவு ஆசையாக. இடிக்கும் மலைக்கும் பிள்ளைகளுக்கு என்ன வித்தியாசம் தெரியும், எனக்கே இப்போது தெரியவில்லையே, தகரத்துக்கே ஓடினேனே. மலை வந்தால் கதவு அந்தப் பக்கம் இருக்கும், பிள்ளைகள் இந்தப் பக்கம் இருக்கும், கோழி சொல்லாமல் ஒரு குஞ்சும் அசையாது. கோழி மிதித்துச் சாகாது, சரி. கோழி குந்தி? ரெங்கம்மா, கோழி குந்தினால்? அந்த நேரம் பார்த்து வெளியே, தகரம் இல்லை, நிஜ இடி, தண்ணிமலைப் பக்கமாக உருண்டு போயிற்று.

போன் முதல் தடவை போகவில்லை. மலையில் மழை பிடித்தால் சிக்னல் மலையேறிவிடும். வாசலுக்குப் பக்கத்தில் போய் நின்று திரும்ப எடுத்தாள். போயிற்று. "சொல்லு ராணி" என்றாள் பாக்கியக்கா, மழைச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு. "புள்ளைங்க எங்கக்கா?" "இருக்குதுக, இருக்குதுக. கையில இருந்தத தொட்டில்ல போட்டுட்டு, கோழி குந்திருச்சுன்னு சொன்னேன் பாரு, ஒரு புள்ள அழுகல. எல்லாம் மூலையில ஒண்ணா கெடக்குதுக. நீ நிம்மதியா படிச்சிட்டு வா." "அக்கா, பின்னால கான்ல தண்ணி எப்படி ஓடுது?" "தண்ணியா? பால் தேத்தண்ணி மாதிரி ஓடுது, காலையில இருந்தே அப்படித்தான். ஏன்?" புஷ்பராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஓடச் சொல்லலாம். பாக்கியக்கா பதறிக் கத்துவாள், அவள் கத்தினால் பிள்ளைகள் பயப்படும், பயந்தால் எங்கே போகும்? இன்னும் உள்ளே போகும். மூலையை விட்டு வா என்றால் வராது, அடித்து இழுத்தாலும் வராது, அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த மூலையிலிருந்து அதுகளைக் கிளப்ப ஒரே ஒரு ஆளால்தான் முடியும், கோழியால். "அக்கா, கதவை மூடாத, தொறந்தே இருக்கட்டும். கைப்புள்ளைய இடுப்புல தூக்கிக்க. போனை ஸ்பீக்கர்ல போட்டு ஜன்னல் கட்டையில வையி. நான் என்ன சொல்றனோ அதச் செய்யி, ஏன்னு கேக்காத." பாக்கியக்கா ஏனென்று கேட்டாள். "கேக்காதக்கா!" அந்தக் குரலுக்குப் பிறகு கேட்கவில்லை.

மண்டபத்து வாசலில், அத்தனை டீச்சர்மார் பார்க்க, புஷ்பராணி போனுக்குள் கத்தினாள். "கோழி எழுந்திருச்சிருச்சு!" அந்தப் பக்கம் கீச் சத்தம் பட்டென்று நின்றது. இப்படியொரு வரியை அதுகள் கேட்டதே இல்லை, அவளும் கேட்டதில்லை, ரெங்கம்மா சொன்னதே இல்லை. "கோழி எழுந்திருச்சிருச்சு, கோழி மேயப் போகுது! பாக்கியம்மாதான் இன்னைக்குக் கோழி! எல்லாக் குஞ்சும் சேலையப் புடிச்சுக்கிட்டுப் பின்னாலயே கொழுந்து மடுவத்துக்குப் போகணும்! விட்டுட்டா குஞ்சு இல்ல!" மழை மட்டும் கேட்டது. அசையவில்லை, அசையாது, நான் அவ்வளவு நன்றாகப் பழக்கிவிட்டேன். அப்போது ஒரு சின்னக் குரல், கனிஷ்கா, நாலு வயசு, எதற்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறவள், "டீச்சர், கோழி மழையில போகுமா?" என்றது. அந்த இருட்டும் கதகதப்பும் பச்சைக் கரையும் எல்லாம் அந்த மூலையில்தான் இருந்தன, புஷ்பராணிக்கு இருந்த ஒரே சொத்து அதுதான், அதை விட்டு வெளியே வரச்சொல்லி அவளே கூப்பிட வேண்டியிருந்தது. "இந்தக் கோழி போகும்டா கண்ணு. குஞ்சும் போகும். கீச் சொல்லிக்கிட்டே போகணும், எனக்கு இங்க கேக்கணும்." ஒன்று கீச் என்றது. இன்னொன்று. பிறகு எல்லாம் சேர்ந்து கத்தின, காலடிகள், ஒரு தகரக் கோப்பை உருண்டது, பாக்கியக்கா "மெதுவா, மெதுவா, சேலைய அவுத்துறாதீங்கடி" என்றாள், கீச் சத்தம் கதவுப் பக்கம் போயிற்று, கதவைத் தாண்டி மழைக்குள் போயிற்று, சிறுத்தது, ரோட்டைக் கடந்திருக்கும், இன்னும் சிறுத்தது.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். எல்லோரும் எழுந்து அவளைச் சுற்றி நின்றார்கள், நிரோஷினி வேறொரு போனில் யாரிடமோ தோட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கட்டையில் விட்டுப்போன போன் வழியாகக் காலி அறை கேட்டது. அடுப்பில் பால் பொங்கி நெருப்பில் விழுந்து சொய்ங் என்றது. பிறகு அதுவும் இல்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒரு பிள்ளையின் மூச்சாவது கேட்டுக்கொண்டேயிருந்த அறை அது. "என்னடி கேக்குது?" என்று செல்லக்கண்ணு அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஒண்ணுமே கேக்கலடி" என்றாள் புஷ்பராணி. சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். "ஒரு புள்ள சத்தமும் கேக்கல."